ஐடா ஸ்கடரும் சிற்றூர்ச் செவிலியரும்

வேலூரிலிருந்து திருமலைக்குச் செல்லும் பயணியர் காட்பாடி, சித்தூர், பாகாலா ஆகிய ஊர்களைக் கடந்து திருப்பதியை அடைவர். இன்று இவ்வழியின் நடுவே மாநில எல்லை ஒன்று குறுக்கிடுகிறது. 1911ஆம் ஆண்டுவரை அத்தகைய எல்லை இல்லை. வேலூர், சித்தூர், திருப்பதி ஆகிய மூன்றும் சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். ஆற்காட்டுச் சமவெளியில் தமிழும், கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் தெலுங்கும், நகரங்களில் இவற்றோடு உருதும் வழங்கின. மொழி வேறுபட்டாலும் இம்மாவட்டத்துப் பெண்களுக்கு ஒரு துன்பம் பொதுவாக இருந்தது. பேறுகாலத்தில் நிலை மோசமானால் அவர்களைக் காப்பாற்ற எவரும் இல்லை. இந்நிலையை மாற்றத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மருத்துவர் ஐடா சோபியா ஸ்கடர்.

ஐடா 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து 1819இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவத் தொண்டு செய்தவர். பின்னர் அவர் சென்னைக்கு வந்தார். அவர் வழியில் பலர் தென்னிந்தியாவில் மருத்துவர்களாகவும் சமயத் தொண்டர்களாகவும் பணியாற்றினர். ஐடாவின் தந்தையும் மருத்துவரே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும் பஞ்சத்தின்போது ஐடா சிறுமி. பசியால் நலிந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்த நினைவு அவரை நெடுங்காலம் வருத்தியது. இந்த நாட்டின் வெப்பமும் வறுமையும் தமக்கு வேண்டா என்றே அவர் எண்ணினார். அமெரிக்காவில் கல்வி பயின்று அங்கேயே வாழ்வதுதான் அவரது விருப்பம்.

1890இல் தாய் நோயுற்றதால் ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். சில காலம் தங்கித் திரும்பிவிடலாம் என்பது அவர் திட்டம். ஒருநாள் இரவு, வெவ்வேறு சமூகத்தைச் சேர்ந்த ஆடவர் மூவர் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவருடைய இளம் மனைவியரும் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை வருவதற்கு ஆயத்தமாக இருந்தார். ஆயினும், ஓர் ஆடவர் தம் மனைவியைத் தொட்டு மருத்துவம் செய்வதை அவர்கள் ஏற்கவில்லை. பெண்ணாகிய ஐடா வரவேண்டும் என்று வேண்டினர். ஐடாவோ மருத்துவம் அறியாதவர். மூவரும் வந்தவாறே திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்னும் செய்தி வந்தது. அந்தக் காலையிலேயே ஐடா மருத்துவம் பயில உறுதி பூண்டார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் அறிவர். ஆனால், இதில் எளிதில் கண்ணுக்குப் படாத செய்தி ஒன்று உண்டு. அன்றிரவு ஐடா மருத்துவராகவே இருந்திருந்தாலும், ஒரே நேரத்தில் மூன்று வீடுகளில் அவரால் இருந்திருக்க முடியாது. குழந்தை பிறந்தபின் குருதிப்போக்கைக் கவனிக்கவும், காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கவும் விடியும்வரை தாயின் அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும். மருத்துவர் ஒருவர் எவ்வளவு வல்லவராயினும் தனியாளாக இவற்றைச் செய்துவிட இயலாது. இவ்வுண்மையை ஐடா பின்னர்த் தம் அனுபவத்தில் கற்றார்.

அவர் அமெரிக்காவுக்குத் திரும்பி 1895இல் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். நியூயார்க் வங்கியாளர் ஒருவர் தம் மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக மருத்துவமனை கட்டுவதற்குப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். அந்த நிதியுடன் 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார்.

தந்தையின் அருகில் இருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் நம்பியிருந்தார். கல்லூரியில் கற்ற கல்வி வேறு. வேலூரின் நோயாளியர் வேறு. எந்த மருந்தை உள்ளூர் மக்கள் ஏற்பர், எந்த வீட்டில் எவரிடம் பேசவேண்டும், எப்போது அறுவை செய்யலாம், எப்போது காத்திருக்கலாம் என்பனவற்றை நூல்கள் சொல்லா. அவற்றைச் சொல்லித்தரக் கூடியவர் தந்தை ஒருவரே. ஆனால், ஐடா வந்த அதே ஆண்டில் அவர் காலமானார். முப்பது வயதுகூட நிரம்பாத புதிய மருத்துவர், ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஒருவரும் இல்லாமல் தனித்து நின்றார்.

தொடக்கத்தில் நோயாளியர் வரவில்லை. இளம்பெண் ஒருத்தி மருத்துவம் செய்வாள் என்பதை மக்கள் நம்பவில்லை. வீட்டின் சிறிய அறை ஒன்றே அவருடைய மருந்தகம். அவருக்குத் துணையாக இருந்தவர் சலோமி என்னும் உள்ளூர்ப் பெண். அவர் செவிலியப் பயிற்சி பெற்றவர் அல்லர். கருவிகளைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்வது, புண்ணைக் கழுவுவது, அறுவையின்போது வேண்டியதை எடுத்துக் கொடுப்பது ஆகியவற்றை ஐடா அவருக்கு அவ்வப்போது கற்பித்தார். கற்பித்தலும் மருத்துவமும் ஒரே மேசையில் நடந்தன. மெல்ல மெல்ல நம்பிக்கை பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் பேர் அவரிடம் மருத்துவம் பெற்றனர். 1902இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை வேலூரில் திறக்கப்பட்டது.

மருத்துவமனை அமைந்தபின் தான் குறை முழுவதுமாக வெளிப்பட்டது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அக்காலத்தில் இல்லை. பெனிசிலின் பொதுமக்களுக்குக் கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. குடற்காய்ச்சலில் கிடப்பவருக்கு உடம்பை ஈரத்துணியால் துடைத்து வெப்பம் தணித்தல், சிறிது சிறிதாக நீராகாரம் புகட்டுதல், படுக்கைப்புண் வாராமல் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவையே பெரும்பாலும் மருத்துவம். அறுவை செவ்வனே முடிந்தாலும், கட்டு மாற்றுபவர் கை கழுவாவிடில் புண்ணில் சீழ் பிடித்தது. நோயாளி பிழைப்பதும் பிழையாததும் செவிலியரின் கைகளைப் பொறுத்திருந்தது. அத்தகைய செவிலியர் எங்கும் கிடைக்கவில்லை.

கிடையாததற்குக் காரணமும் இருந்தது. பிறருடைய குருதியையும் கழிவையும் தொடுவது இழிவான தொழில் என்று சமூகம் கருதியது. சாதித் தூய்மை பற்றிய எண்ணம் அக்கருத்தை மேலும் இறுக்கியது. இரவில் வீட்டுக்கு வெளியே தங்கிப் பணிபுரியும் பெண்ணை ஊரார் மதிக்கவில்லை. பெற்றோர் மகளைச் செவிலியப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கினர். அனுப்பியவர்களின் பெண்களுக்கும் போதிய பள்ளிக் கல்வி இல்லை. நாடு முழுவதும் இதே நிலை. பயிற்சி பெற்ற செவிலியரின் அகில இந்தியச் சங்கம் 1908இல்தான் தோன்றியது. செவிலியரையும் மருத்துவச்சியரையும் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926இல்தான் வந்தது.

1909ஆம் ஆண்டு ஐடா, அமெரிக்கச் செவிலியரான டெலியா ஹூட்டனின் துணையோடு வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இவ்வாண்டைக் கருத்தில் கொள்ளவேண்டும். ஐடாவின் புகழுக்குக் காரணமாகப் பலரும் சொல்வது மருத்துவக் கல்லூரியை. மருத்துவர்களை உருவாக்கும் பள்ளியை அவர் தொடங்கியது 1918இல். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் செவிலியரை உருவாக்கத் தொடங்கிவிட்டார்.

அப்பள்ளியின் மாணவியர் கற்ற இடம் வகுப்பறை மட்டுமன்று. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை நாடித் தாமே செல்லும் வழக்கத்தை ஐடா 1906 அளவில் மேற்கொண்டிருந்தார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் ஒருநாள் மாட்டுவண்டியில் புறப்படுவார். வழியில் குறிப்பிட்ட மரங்களின் நிழலில் வண்டி நிற்கும். விடியற்காலையிலிருந்தே மக்கள் அங்குக் கூடியிருப்பர். பின்னர் மாட்டுவண்டிக்குப் பதிலாக மோட்டார் வண்டி வந்தது. குதிரையும் மாடும் இன்றி ஓடிவந்த அதனைக் கண்டு தொடக்கத்தில் சிற்றூர் மக்கள் அஞ்சி ஓடினராம். அச்சம் நீங்கியபின் அவ்வண்டியின் ஓசை கேட்டதும் சாலையோரத்துக்கு விரைந்தனர்.

இச்சாலையோர மருத்துவம் மக்களுக்கு உதவியது போலவே செவிலிய மாணவியருக்கும் பள்ளியாயிற்று. மருத்துவமனையில் குழாய் நீரும் மேசையும் கொதிகலனும் உண்டு. மரத்தடியில் இவை இல்லை. நீர் கிணற்றிலிருந்து வரவேண்டும். அடுப்பு கற்களை வைத்து மூட்டவேண்டும். பெட்டியில் கொண்டுவந்த பஞ்சும் துணியும் மாலைவரை போதவேண்டும். கண்ணில் பீளை கட்டிய குழந்தை, காலில் ஆறாப் புண்ணுடைய உழவர், காதில் சீழ் வடியும் சிறுவன், தொழுநோயை மறைத்துப் போர்வைக்குள் ஒதுங்கி நிற்கும் பெண் என எல்லாரும் ஒரே நேரத்தில் வருவர். எவரை முதலில் மருத்துவரிடம் அனுப்புவது, எவருக்குத் தாமே கட்டுப் போட்டு அனுப்பலாம், எவரை உடனே வண்டியில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதைச் செவிலியர் விரைந்து முடிவு செய்யவேண்டும். முடிவு தவறானால் திருத்துவதற்கு மருத்துவர் பத்தடி தொலைவில் இருந்தார். அவர் அருகில் இருக்கும்போதே முடிவெடுத்துப் பழகுவதுதான் அப்பயிற்சியின் சிறப்பு எனலாம். நாளை அம்மாணவி செல்லவிருந்த ஊரில் அந்தப் பத்தடி பல மைல்களாக நீளக்கூடும்.

அவர்கள் செல்லவிருந்த ஊர்கள் எத்தகையவை என்பதை எண்ணிப் பார்க்கலாம். தென்னிந்தியாவின் சிறு நகரங்களில் அக்காலத்தில் மிஷன் மருத்துவமனைகள் பரவலாக எழுந்தன. ஐடாவின் குடும்பத்தார் தொடங்கிய மருத்துவமனை இராணிப்பேட்டையில் முன்னரே இருந்தது. மேற்கே மலைப்பாங்கான மதனப்பள்ளியில் மருத்துவர் லூயிசா ஹார்ட் 1911இல் மேரி லாட் லைல்ஸ் மருத்துவமனையை ஏற்படுத்தினார். அவ்வாண்டில் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்துப் புதிய சித்தூர் மாவட்டம் அமைந்தபோது மதனப்பள்ளி அதனுள் வந்தது. அவ்வூருக்கு அருகே காசநோயாளருக்கான ஆரோக்கியவரம் மருத்துவமனை 1915இல் பணியைத் தொடங்கியது. பஞ்சமும் கொள்ளைநோயும் மாறிமாறி வந்த அப்பகுதியில் இவை ஒவ்வொன்றும் பல தாலுகாக்களின் மக்கள் நாடிவரும் இடமாக இருந்தன.

சிறிய மருத்துவமனையில் மருத்துவர் ஒருவர், சிலபோது இருவர். மருத்துவர் வெளியூர் சென்றால் அங்கு மிகுதியாகக் கற்றவர் செவிலியரே. பயிற்சி முடித்த சில வாரங்களில், இருபது வயதுடைய ஒரு பெண், இரவில் முப்பது நோயாளிகளுக்குப் பொறுப்பாவார். வண்டியில் கொண்டுவரப்பட்ட கருவுற்ற பெண்ணுக்கு வலிப்பு கண்டால், மருத்துவர் வரும்வரை செய்யவேண்டியதைச் செய்பவரும் அவரே. வாசலில் நிற்கும் உறவினர் அவரை நம்புவரா, மந்திரிப்பவரை அழைக்க ஓடுவரா என்பது அவருடைய குரலில் உள்ள உறுதியைப் பொறுத்தது. அத்தகைய இரவு ஒன்றில் தவறு நேர்ந்து, தேற்றுவார் இல்லையெனில், பணியையே விட்டு வீடு திரும்பும் செவிலியர் எக்காலத்திலும் உண்டு.

இதனைக் கருதியே வேலூரில் ஒரு முறை வளர்ந்தது. தொலைவிலுள்ள மருத்துவமனை ஒன்று தன் பகுதியிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பும். பயிற்சி முடிந்ததும் அவர் குறிப்பிட்ட காலம் அம்மருத்துவமனையில் பணிபுரிவார். இது செலவுக்கு ஈடாக உழைப்பைப் பெறும் ஏற்பாடு மட்டுமன்று. அப்பெண் அறியாத ஊருக்குச் செல்லவில்லை. அந்த ஊரின் மொழி அவருக்குத் தெரியும், உணவு தெரியும், தலைமைச் செவிலியர் அவரைச் சிறுமியாகவே அறிந்தவர். தமிழ் பேசும் பெண்ணைத் தெலுங்குச் சிற்றூரில் தனியே விட்டால், நோயாளி வலியைச் சொல்லும் சொல்லே அவருக்கு விளங்காது. மேலும், மிஷன் மருத்துவமனைகள் ஒன்றுகூடித் தென்னிந்தியாவுக்கெனச் செவிலியர் தேர்வு வாரியம் ஒன்றை அமைத்தன. அதனால் சிற்றூரில் பயின்றவரின் சான்றிதழும் மதிப்புப் பெற்றது. தாம் எங்கோ மூலையில் மறக்கப்பட்டுவிட்டோம் என்னும் எண்ணம் அவருக்கு எழ வேண்டியதில்லை.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்ல இயலாது. பணிக்காலம் முடிந்ததும் நகரத்துக்குச் சென்றவர் பலர். திருமணத்துக்குப்பின் பணியை விட்டவரும் உண்டு. ஊதியம் சிறிது, உழைப்பு பெரிது. தேவையின் அளவுக்குமுன் வேலூர் உருவாக்கிய செவிலியர் மிகச் சிலரே. நாட்டு மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்து 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர் என்று கணக்கிட்டது. அதாவது 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர். 500 பேருக்கு ஒருவர் வேண்டும் என்பது அக்குழுவின் இலக்கு.

ஐடாவின் பிற பணிகளை விரிவாகச் சொல்லும் நூல்கள் பல உள்ளன. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியதும், அதன் முதல் அணியினரான பதினால்வர் 1922இல் பயிற்சியை நிறைவு செய்ததும் அவருடைய பெருஞ்சாதனைகள். 1928இல் காந்தியடிகள் அப்பள்ளிக்கு வருகை தந்தார். பின்னர்ச் சென்னை அரசு மருத்துவக் கல்வியைப் பட்டப்படிப்பாக உயர்த்த ஆணையிட்டபோது, பள்ளி மூடப்படும் நிலை உண்டாயிற்று. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். 1942இல் பள்ளி பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாயிற்று.

1946ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் செவிலியப் பட்டப்படிப்பு இந்தியாவில் முதன்முதலாக வேலூரிலும் தில்லியிலும் தொடங்கியது. இழிதொழில் என்று ஒதுக்கப்பட்ட பணி, பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய கல்வியாக உயர்ந்தது. அதே ஆண்டில் ஐடா பொறுப்புகளிலிருந்து விலகிக் கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் வாழத் தொடங்கினார். முகவரியில் அவர் பெயரையும் இந்தியா என்பதையும் மட்டும் எழுதிய கடிதமும் அவரை வந்தடைந்தது என்பர். 1960ஆம் ஆண்டு மே மாதம், தம் எண்பத்தொன்பதாம் வயதில் அவர் கொடைக்கானலில் காலமானார்.

குடியாத்தம் சாலையில் அவர் வண்டியை நிறுத்திய பகுதியில், காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் இடையே உள்ள கீழ்வைத்தியனான்குப்பம் வட்டாரத்தில், 1977இல் கல்லூரியின் ஊரக நலத் திட்டம் தொடங்கப்பட்டது. அண்மைக் காலத்தில் சித்தூருக்கு அருகிலும் அக்கல்லூரியின் வளாகம் ஒன்று அமைந்துள்ளது. செவிலியர் கல்லூரிக்கெனத் தனியே ஊர்ப்புறப் பிரிவு உண்டு. அதன் மாணவியர், எடை பார்க்கும் கருவியும் குருதியழுத்தமானியும் அடங்கிய பையுடன், மூத்த செவிலியர் ஒருவர் உடன்வர, வீடு வீடாகச் சென்று கருவுற்ற தாய்மாரைக் காண்கின்றனர். கதவைத் தட்டிக் காத்து நிற்பவர் இப்போது அவர்களே.